ஜாமீனில் வந்த லேப்டாப்

தென்காசி வட்டாரத்தில் பல வருஷங்களாக ப்ராட்பேண்ட் லைன் பார்க்கிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இலஞ்சி ஊரில் நடந்த கேஸைத்தான்.

சாரல் காலம். காலையிலேயே கோமதி என்கிற பெண் வாட்ஸ்அப்பில் அழைத்தாள். "அண்ணாச்சி, பத்து மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. லேப்டாப்புலதான் பேசணும். வைஃபை காட்டுது, நெட்டு வரமாட்டேங்கு. செல்லுல ஹாட்ஸ்பாட் போடலாம்னா டவரும் இல்ல. சீக்கிரம் வாங்க!"

நனைந்துகொண்டே போனேன். வீட்டில் எல்லார் செல்லிலும் வைஃபை ஓடியது. லேப்டாப்பில் மட்டும் இல்லை. லைன் சரி, ரௌட்டர் சரி. ரௌட்டருக்குள் இருக்கும் ஃபயர்வாலில் யாரோ அந்த ஒன்றை மட்டும் தடுத்திருக்க வேண்டும். அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டேன்.

கோமதியின் அப்பா ரிட்டயர்ட் இன்ஸ்பெக்டர். "அதெல்லாம் சொல்ல முடியாது. திரும்பி நில்லும்," என்றார். நான் சுவரைப் பார்த்து நின்றேன். பாஸ்வேர்டை அவரே தட்டினார்.

ப்ளாக் லிஸ்டில் ஒரே ஒரு ஆள். பெயர் கிடையாது, எழுத்தும் எண்ணும் கலந்த மேக் ஐடி மட்டும்.

"அது பக்கத்து வீட்டுக்காரன். ஒரு வாரமா நம்ம நெட்டை உறிஞ்சுதான். நேத்துதான் யூடியூப் பாத்துப் புடிச்சு உள்ள போட்டேன்."

லேப்டாப்பின் மேக் ஐடியை எடுத்துக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"ஒரே பேருல ரெண்டு பேரு இருக்கக் கூடாதா? எங்க ஸ்டேஷன்லயே ரெண்டு சுடலை இருந்தான்."

"இது பேரு இல்ல சார், கைரேகை மாதிரி."

கைரேகை என்றதும் கண்ணாடியை மாட்டினார். ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். "பொருந்துது," என்றார். ஆனாலும் கை மவுஸுக்குப் போகவில்லை. மகளிடம் திரும்பினார். "வாரம் பூரா நெட்டுல என்ன செஞ்ச?"

"இந்த இன்டர்வியூவுக்குத்தாம்ப்பா படிச்சேன்!" கோமதி அழுதேவிட்டாள்.

"சரி. யாரு ஜாமீன்?"

அடுக்களையிலிருந்து அவர் மனைவி கரண்டியோடு வந்தார். "நான் ஜாமீன். புள்ளய விடுதியளா, இல்ல அந்த ரௌட்டர் பொட்டிய மழைல தூக்கிப் போடட்டுமா?"

இன்ஸ்பெக்டர் உடனே அன்ப்ளாக் செய்தார். கோமதி அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். "குட் மார்னிங் சார்" என்ற குரல் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இன்ஸ்பெக்டர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். விசிலடித்த குக்கரைக்கூட முறைத்தார்.

கோமதிக்கு வேலை கிடைத்தது.

அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் "என்ன ரிப்பேர்?" என்று நான் கேட்பதில்லை. "இந்த வீட்டுல யாருக்கு யார் மேல சந்தேகம்?" என்றுதான் கேட்கிறேன். பாதி வேலை வாசலிலேயே முடிந்துவிடுகிறது.