செல்லுக்குச் சார்ஜ் போட்ட நல்லசிவம்

அருவங்காட்டு நல்லசிவம் கோழை அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அவர் கோழிக்கூண்டுக்கு முன்னால் குப்புறப் படுத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு யாரும் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

அந்த ஊர் வெடிமருந்துத் தொழிற்சாலையில், சுட்டுப் பார்க்கும் பிரிவில், தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். அங்கே செல் என்கிற இரும்புக் குண்டுக்கூட்டுக்குள் மருந்தை அளந்து நிரப்புவதற்குப் பெயர் சார்ஜ் போடுவது. போட்டு முடித்ததும், "செல்லுக்குச் சார்ஜ் போட்டாச்சு!" என்று குரல் கொடுப்பார்கள். குரல் கேட்டால் அதிகாரி முதல் டீ கொண்டுவருகிறவர் வரை மண்சுவருக்குப் பின்னால் போய்விட வேண்டும். கேட்ட பிறகும் நின்று யோசிக்கிறவருக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. நல்லசிவம் ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. அந்தக் குணத்தைப் பாராட்டித்தான் ஓய்வு பெறும்போது சால்வை போர்த்தினார்கள்.

மகள் ரேஷ்மாவுக்குக் குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியில் வேலை. முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு கைப்பேசி வாங்கி வந்தாள். மறுநாள் காலை நல்லசிவம் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஓய்வை அனுபவித்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி தனபாக்கியம் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, செல்லுக்குச் சார்ஜ் போட்டாச்சுங்க!"

மனிதர் யோசிக்கவில்லை. மனைவியை ஒரு கையிலும் மகளை ஒரு கையிலும் பிடித்து இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டார். தனபாக்கியத்தின் இடுப்பில் இருந்த இட்லி மாவுச் சட்டியும் கூடவே வந்தது.

மாவைத் துடைத்துக்கொண்டே அம்மாவும் மகளும் சிரித்தார்கள். நல்லசிவம் சிரிக்கவில்லை. வெளியே வந்து அந்தக் கறுப்புச் சாமானைத் தூரத்திலிருந்தே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பேரு செல்லு. உள்ள போடறது சார்ஜு. அப்பப்ப வெடிக்குதுன்னு பேப்பர்லயே வருது. இதுக்கு மேல உனக்கு என்ன ஆதாரம் வேணும்?"

"அது வெறும் கரண்டுப்பா."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

அன்றைக்கே தோட்டத்துக் கடைசியில், மரத்தக்காளிக்கு அப்பால் காலியாகக் கிடந்த கோழிக்கூண்டு மருந்துக்கிடங்காகப் பதவி உயர்வு பெற்றது. மூன்று பக்கமும் மண்சுவர். வாசலில் சிவப்புப் பெயின்ட் அடித்த மணல் வாளிகள். கைப்பேசி உள்ளே, ஒரு கம்பளித் துண்டின் மேல், வெடிக்க அனுமதி கிடைக்காத ஏக்கத்தோடு படுத்திருந்தது. செருப்பைக் கழற்றி, தரையில் பதித்த செம்புத் தகட்டை மிதித்து, உடம்பில் இருக்கும் மின்சாரத்தைப் பூமிக்குக் கொடுத்த பிறகே அதைத் தொடலாம். சார்ஜும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. முழுச் சார்ஜ் என்பது போர்க்காலத்துக்கு.

பக்கத்து வீட்டு ஜஸ்டஸ் அதே தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தவர். வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, எதிரி யாரு? பக்கத்து வெலிங்டன் பட்டாளமா?"

"நீ கணக்குப் பேப்பர்ல வேலை பார்த்தவன், ஜஸ்டஸ். மருந்து பத்தி உனக்குத் தெரியாது."

இதோடு போயிருந்தால் ஊர் சிரித்துவிட்டு மறந்திருக்கும். ஆனால் அந்தச் சாமானில் மிஸ்டு கால் என்று ஒன்று வந்தது. சுடும்போது வெடிக்காமல் போனால் தொழிற்சாலையில் அதற்குப் பெயர் மிஸ்ஃபயர். அரை மணி நேரம் யாரும் கிட்டப் போகக் கூடாது. எந்த நேரத்திலும் வெடிக்கலாம். பெயரிலேயே இவ்வளவு ஒற்றுமை இருக்கும்போது விதி மட்டும் மாறுமா? மணி அடித்து நின்றுபோனால் நல்லசிவம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூண்டுக்கு முன்னால் காவல் நிற்பார். நாளடைவில் சொந்தக்காரர்கள் பழையபடி பஸ் ஏறி நேரில் வந்து பேச ஆரம்பித்தார்கள். "பாத்தியா, போனால எவ்வளவு உறவு வளருது!" என்றார் தனபாக்கியத்திடம்.

இப்படி இருக்கையில்தான் ரேஷ்மா ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பா முன்னால் வந்து நின்றாள். கம்பெனியில் கூட வேலை பார்க்கும் மகேஷைக் கல்யாணம் செய்துகொள்ள அவளுக்கு விருப்பம். நல்லசிவத்துக்கும் பையனைப் பிடிக்கும். வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே சட்டைப் பையைக் காலி செய்து, போன் இல்லை என்று காட்டியவன். சிக்கல் மகேஷின் அப்பா கருணாகரன். ஊட்டி மார்க்கெட்டில் கேரட், முட்டைக்கோஸ் மண்டி வைத்திருப்பவர்.

"நாளைக்குக் காலைல உங்களைக் கூப்பிடுவாராம்ப்பா. ஒரே ஒரு தடவைதானாம். பேச்சு சரியா வரலைன்னா, காரமடைல ஒரு பொண்ணு ஊட்டுக்காரங்க காத்திருக்காங்க, சாயங்காலமே வாக்குக் குடுத்துருவாராம்."

"நேர்ல வரச் சொல்லு."

"முதல்ல போன்லதான் பேசுவேங்கறார். தயவுசெஞ்சு முழுசா சார்ஜ் போடுங்கப்பா."

நல்லசிவம் வெகுநேரம் யோசித்தார். பெற்ற பாசம் ஒரு பக்கம், பாதுகாப்பு விதி ஒரு பக்கம். கடைசியில் பாதிச் சார்ஜுக்கு இறங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பனிமூட்டம் விலகவில்லை. மூவரும் மரத்தக்காளிக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். கூண்டுக்குள் மணி அடித்தது. நல்லசிவம் பதறவில்லை. நடந்தார். வலது செருப்பைக் கழற்றினார். இடது செருப்பின் வார் கொஞ்சம் இறுக்கம், குனிந்தார். கழற்றி, இரண்டையும் ஜோடியாக ஓரமாய் வைத்து, தகட்டின் மேல் காலை வைத்தார். மணி நின்றுவிட்டது.

ரேஷ்மா பாய்ந்தாள். நல்லசிவம் கையை விரித்தார்.

"மிஸ்ஃபயர்! யாரும் கிட்ட வராதீங்க!"

"அப்பா, அவர் ஒரு தடவைதான் கூப்பிடுவாரு! இப்பத் திருப்பிக் கூப்பிடலைன்னா எல்லாம் போச்சு!"

"அரை மணி நேரம், கண்ணு. அதுக்கப்புறம் நானே எடுத்துத் தாரேன்."

"அரை மணி நேரத்துல அவர் காரமடைக்கே போயிருவாருப்பா."

சொல்லிவிட்டு ரேஷ்மா மணல் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாத அழுகை. தனபாக்கியம் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவருக்குப் பயமாக இருந்தது.

தன் வேலைக்காலத்தில் நல்லசிவம் ஒரு விதியைக்கூட மீறியதில்லை. விதியை மீறி அருகே போகிறவனைப் பற்றி அவருக்கு எப்போதும் தாழ்ந்த அபிப்பிராயம்தான். இப்போது அந்த ஆளாகத் தானே மாற வேண்டியிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டினார்.

"தனம், கேஸ் சிலிண்டருக்குச் சொல்லி வச்சிருக்கேன். வந்தா வாங்கி வச்சிரு."

"எங்கீங்க போறீங்க?"

"உள்ள."

"ஐயோ, நில்லுங்க" என்று தனபாக்கியம் தன்னையறியாமல் கத்திவிட்டு, பிறகு எதற்குக் கத்தினோம் என்று குழம்பி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நல்லசிவம் குப்புறப் படுத்து முழங்கையால் ஊர்ந்து போனார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு சுள்ளியை நீட்டி, மகள் சொல்லச் சொல்ல அந்தப் பச்சைப் பொத்தானைக் குத்தினார். பூமி பிளக்கவில்லை. எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் கத்தியது.

"யாருங்க?"

"அருவங்காடு நல்லசிவமுங்க!" என்று இவரும் கத்தினார்.

"என்னங்க, சத்தம் தூரமாக் கேக்குது? போனை எங்க வச்சிருக்கீங்க?"

"அது கூண்டுல இருக்குதுங்க. நான் வெளிய இருக்கேன்."

ரேஷ்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு கருணாகரனின் குரல் தழுதழுத்தது.

"நானும் கையை நீட்டித் தள்ளிப் புடிச்சுத்தானுங்க பேசறேன்! எத்தனை பேரு ஊட்டுக்குப் பேசியிருப்பேன்! எல்லாரும் கம்மல் மாதிரிக் காதுல ஒட்ட வச்சுக்கறாங்க. மூளை வெந்துராதுங்களா?"

"வெந்துருமுங்க. அதுக்கு முன்னால வெடிச்சுரும்."

"வெடிக்குமா?" கருணாகரனுக்கு இது புது அறிவு. "நான் கதிர்வீச்சோட நிறுத்திட்டனுங்க. எப்பவும் முட்டைக்கோஸ் இலைல சுத்தித்தான் பையில வைப்பேன். சாயங்காலம் பாத்தா இலை வாடிக் கிடக்கும். அத்தனை வீச்சையும் இலை குடிச்சிருது."

நல்லசிவம் படுத்தபடியே யோசித்தார். அறிவியல் மனசு உள்ள ஆள். "மேல் இலையா, உள் இலையா?"

"மேல் இலைதானுங்க. கெட்டியா இருக்கும்."

"இப்ப நாங்க எடுக்கறதுக்குள்ள நின்னு போச்சுங்க. மன்னிக்கணும்."

"அட, அதுக்குத்தானே அடிச்சேன்! மணி அடிச்ச உடனே எடுத்தா, அந்த ஊட்டுல நாள் பூராம் போன் கையிலதான்னு அர்த்தம். காரமடைக்காரரு ஒரே அடியில எடுத்துட்டாரு. அந்த இடம் வேண்டாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். நீங்க எடுக்கவே இல்லை பாருங்க, அதான் குடும்பம்!"

ரேஷ்மா எழுந்துவிட்டாள். முகத்தில் சந்தோஷம் வந்தது. வந்த வேகத்தில் இன்னொன்றும் வந்தது. இதுவரை ஒரே ஒரு அப்பாதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு இனி இரண்டு பேர்.

"ஆனா ஒண்ணுங்க சம்பந்தி" என்றது கூண்டு. "கல்யாண மண்டபத்துல வர்றவங்க அத்தனை பேர் போனையும் வாசல்லயே வாங்கி இலைல சுத்தி வச்சிரணும். மருமகளும் எங்க ஊட்டுக்கு வந்தா தலைமாட்டுல ஒரு முட்டைக்கோஸ் வச்சுத்தான் படுக்கணும். அப்புறம்..."

போட்ட பாதிச் சார்ஜும் தீர்ந்துகொண்டிருந்தது. குரல் விட்டு விட்டு வந்தது. நல்லசிவம் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார்.

"என்னமோ கேக்கறாரு. சரியாக் காதுல விழலை. என்ன சொல்லட்டும்?"

"சரின்னு சொல்லுங்கப்பா."

"எதுக்குன்னு தெரியாமயா?"

"எதுக்கா இருந்தாலும்."

நல்லசிவம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, "சரிங்க சம்பந்தீ!" என்று போட்ட சத்தத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் துவைத்துக்கொண்டிருந்த ஜஸ்டஸின் மனைவி வனிதா ஈரக் கையோடு ஓடி வந்தாள். அடுத்த வரிசை வீடுகளில் கதவுகள் திறந்தன. யாருக்கு எப்போது கல்யாணம் என்று தெருவே கேட்க ஆரம்பிக்க, தனபாக்கியம் கேசரி கிளற ரவை இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனாள்.