நல்ல சம்சாரி

மார்க்கையன்கோட்டை ராக்கையாவுக்குக் கடவுளிடம் ஐயம் இருந்ததில்லை, பூசாரியிடம் இருந்தது. திருநீறு வாங்கும்போது, தமக்கு முன் நின்றவர் உள்ளங்கையில் எவ்வளவு விழுந்தது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். சந்தையில் ஒருவன் சிரித்த முகத்தோடு எதிர்வந்தால், அந்தச் சிரிப்பு எதற்காக என்று ஆராய்ந்தபடியே தெருவின் மறுபக்கம் ஒதுங்கிவிடுவார். ஐயமுடையோர் பலர் தம் ஐயத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிவர். ராக்கையாவோ வாய் திறவாதவர். விட்ட சொல் யார் கையில் போய்ச் சேருமோ என்னும் அச்சத்தால், ‘ஆம்’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்குமே நெடுநேரம் எடுத்துக்கொள்வார்.

போடிக்கு ரயில் வந்து சில ஆண்டுகள் சென்றிருந்த காலம் அது. ஒரு சித்திரை மாதக் காலையில் அவர் கமலையில் மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைத்துக்கொண்டிருந்தபோது வடம் அறுந்தது. வடத்தின்மேல் அமர்ந்து மாடுகளை ஓட்டிச் சென்றவர், கிணற்றுமேட்டுக் கல்லில் இடுப்பு அடிபட விழுந்தார். வைத்தியர் எண்ணெய் பூசி, கட்டுப்போட்டு, எழுந்து நடக்கும் அளவுக்குத் தேற்றினார். ஆயினும் ஏர் பிடிக்கவும் கமலை ஓட்டவும் அந்த இடுப்பு இனி உதவாது என்று சொல்லிவிட்டார். வடம் திரித்தவன் மக்கிய நாரைக் கலந்துவிட்டான் என்பது ராக்கையாவின் முடிவு. நிலம் தம்பியின் வாரச் சாகுபடிக்குப் போயிற்று. தம்பி அளக்கும் மரக்காலின்மேல் அடுத்த ஐயம் தொடங்கிற்று.

அப்போது வீடு தேடி வந்தவர், மேகமலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி. ஆவணி பிறந்ததும் ஆட்களை மலையேற்றப் போவதாகவும், கணவனும் மனைவியுமாக வந்தால் இலகுவான வேலை தருவதாகவும் சொன்னார். ராக்கையாவின் மனைவி ராமுத்தாய் அவர் போகும்வரை அடுப்படியை விட்டு எழவில்லை. அவளுடைய தம்பி அந்த மலைக்குப் போய்க் காய்ச்சலோடு இறங்கி வந்தவன். வந்த வாரமே அவனைப் புதைத்தார்கள்.

“மலைக்கு நான் வர மாட்டேன். ஒங்களையும் விட மாட்டேன்,” என்றாள் ராமுத்தாய். “போடியில ஏலக்காக் கிட்டங்கிக்குச் சாவி வச்சுக்கிற ஆளு வேணுமாம். ஒக்காந்து பாக்குற வேலை. நாலு பேரப் போயிப் பாருங்களேன்.”

“எந்த நாலு பேரு?”

“சின்னமனூரு அண்ணாச்சி இருக்காகல்ல? அவுக ஒரு வார்த்தை சொன்னா அங்கன கேக்க மாட்டாகளா?”

“அவுக எதுக்குச் சொல்லணும்? அவுகளுக்கு என்ன ஆதாயம்?”

“கெடுதல்னா சும்மாவே செய்வாக, நல்லதுன்னா ஆதாயம் வேணும்னு எந்தச் சாமி ஒங்க காதுல வந்து சொல்லுச்சு? எந்திரிங்க.”

சின்னமனூர் மளிகைக் கடைக்காரர் சங்கரலிங்கம், ராக்கையா வீட்டு நெல்லையும் வாழையையும் பல ஆண்டுகளாக வாங்கி வருபவர். ராக்கையா ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்து கடைக்குப் போனார். வந்த காரியத்தை அவர் சொல்லி முடிப்பதற்குள், இரண்டு பேர் உப்பும் புளியும் வாங்கிப் போய்விட்டார்கள்.

“இதுக்கா இம்புட்டு நேரம்?” என்று சிரித்தார் சங்கரலிங்கம். “கிட்டங்கிக்குச் சாக்கு குடுக்குறவரு பொன்னுராஜ், நமக்கு வேண்டியவருதான். நானும் அவருமாப் போயிச் சொல்றோம். அந்தத் தாரத் தூக்கிட்டுப் போப்பா. பழகுன மனுசங்கிட்ட வாழைத்தாரு என்னத்துக்கு?”

ராக்கையா தாரைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினார். வழிநெடுக அவர் மனம் அந்தத் தாரைவிடக் கனத்தது. வாங்கிக்கொண்டிருந்தால் கணக்கு அங்கேயே தீர்ந்திருக்கும். வாங்காதவர் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று எப்படி அறிவது?

சங்கரலிங்கம் சொன்னபடியே செய்தார். போடிக் கடைத்தெருவில் சாக்கு வியாபாரம் செய்யும் பொன்னுராஜ், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். பேச ஆரம்பித்தால் எதிரில் நிற்பவர் மூச்சு விடவும் இடங்கொடாதவர். இருவரும் கிட்டங்கி மேலாளர் ராவுண்ணி மேனோனைத் தனித்தனியே கண்டு பேசினார்கள். ஆடி மாதத்தில் ராக்கையாவை நேரில் வரச்சொல்லி ஆள் வந்தது.

“மரம் மாதிரி நிக்காதீக,” என்று ராமுத்தாய் சொல்லி அனுப்பினாள். “கேட்டதுக்கு வாயத் தொறந்து நல்லாச் சொல்லுங்க.”

மேனோன் மலைக்கு அப்பாலிருந்து வந்தவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அவருடைய கிட்டங்கிக்குள் எத்தனை மூட்டை இருக்கிறது என்னும் செய்தி வெளியே கசிந்தால், மறுநாளே வியாபாரிகள் விலையை இறக்கிவிடுவார்கள். முந்திய சாவிக்காரனைத் துரத்தியதும் அதற்காகத்தான். அவர் ராக்கையாவை மேலும் கீழும் பார்த்தார்.

“தான் வலிய சம்சாரி ஆணு, அல்லே?”

நீ பெரிய சம்சாரியாமே என்று அவர் கேட்டதும் ராக்கையாவின் முகம் மலர்ந்தது. உழுது பயிரிடும் குடியானவனைச் சம்சாரி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதைவிட மதிப்பான சொல் அவருக்குத் தெரியாது. மனைவி சொல்லி அனுப்பியதும் நினைவுக்கு வந்தது.

“ஆமாங்க. அப்பன், பாட்டன் காலத்துல இருந்தே சம்சாரிதாங்க.”

“அப்பனுமோ?”

“எங்க தெருவே சம்சாரித் தெருதாங்க. பொம்பளைகளும் சளைச்சவுக இல்ல.”

“ராத்திரியிலும் உண்டோ?”

“தண்ணி மொறை வந்துட்டா விடியவிடியத்தாங்க.”

மேனோனின் புருவம் நெரிந்தது. “வேண்டா. இவிடெ சரியாவில்லா. தன்னைப் பற்றி ரெண்டு பேரும் பறஞ்ஞது நேருதான். பொய்க்கோ,” என்று கதவைக் காட்டினார்.

ராக்கையா தெருவில் வந்து நின்றார். ‘ரெண்டு பேரும் சொன்னது உண்மைதான்’ என்ற வாக்கியம் அவர் செவியில் சுழன்றது. நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்த பொருள் அகப்பட்டது போல ஒரு நிறைவுகூட அதில் இருந்தது. தார் வாங்காததன் உட்பொருள் இப்போதல்லவா விளங்கிற்று! ஆவணி பிறக்க அதிக நாள் இல்லை. மலைக்காய்ச்சலின் வாயில் தம்மைத் தள்ளியவர்கள் இருவர்.

அடுத்த சந்தை நாளில், கூட்டம் நெருங்கிய வேளையில், அவர் சங்கரலிங்கத்தின் கடைமுன் நின்றார்.

“அந்த ஆளுகிட்ட என்னயப் பத்தி என்ன சொன்னீக அண்ணாச்சி?”

“நல்ல சம்சாரின்னு சொன்னேன்.”

“வேற?”

“வேற என்ன சொல்றது? அதுக்கு மேல சொல்ல என்ன இருக்கு?”

“அத மட்டும் கேட்டுட்டா என்னய வெளிய போகச் சொன்னாரு? சத்தியம் பண்ணுங்க.”

சாமான் வாங்க வந்தவர்கள் கையிலிருந்த பையை மறந்து நின்றார்கள். சங்கரலிங்கம் எழுந்தார். தெருமுனைப் பிள்ளையார் முன்னே சென்று கற்பூரம் ஏற்றினார். “நல்ல சம்சாரிங்கிற வார்த்தையத் தவிர வேற எதுவும் என் வாயில வரல,” என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அழுத்தி அணைத்தார். பிறகு ராக்கையாவைத் திரும்பிப் பார்த்தார்.

“போதுமாப்பா?”

அந்தச் சத்தியத்தை ராக்கையாவாலும் ஐயுற முடியவில்லை. ஆகவே குற்றவாளி மற்றவர்தான் என்று போடிக்கு நடந்தார்.

பொன்னுராஜ் கேட்டுவிட்டு இடிபோலச் சிரித்தார். “ஏலே, கற்பூரமாவது ஒண்ணாவது! எங்க வேதத்துல சத்தியமே பண்ணப்படாதுன்னு இருக்கு. உள்ளத உள்ளதுன்னு சொன்னாப் போதும். நல்ல சம்சாரின்னுதான் சொன்னேன்.”

“சத்தியத்துக்கு எதுக்குப் பயப்படுறீக?” என்றார் ராக்கையா.

பொன்னுராஜுக்குச் சிரிப்பு நின்றது. “நீ எதையோ பண்ணிட்டு அந்த ஆளுகிட்ட மாட்டிக்கிட்ட. இப்ப எங்க தலையில போடப் பாக்குற. வா, அவரையே கேப்போம். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்.”

இவ்வாறு ஒருவரையொருவர் நம்பாத இருவர், ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நடந்து கிட்டங்கியை அடைந்தனர். ராக்கையா தங்கள் இருவரையும் ஐயுற்றதைச் சொல்லிப் பொன்னுராஜ் தொடங்கினார். தம் நாணயத்தையும், தம் தகப்பனார் நாணயத்தையும், ஒரு சாக்குக்கூட ஓட்டையாகக் கொடுத்ததில்லை என்பதையும் விரித்துரைத்தார். ராக்கையா தூணருகே நின்றார். அவர் கண்கள் தராசையும் மூட்டைகளையும் பூட்டையும் மாறிமாறிப் பார்த்தன; உதடு அசையவில்லை. மேனோன் இருவரையும் நெடுநேரம் கவனித்தார்.

“ஒரு காரியம் சோதிக்கட்டே,” என்று இடைமறித்துக் கேட்டார். “இதில் சம்சாரி ஆரு? இவனோ, நிங்ஙளோ?”

“இவன்தானுங்க. எனக்கு நெலமே கெடையாதே,” என்றார் பொன்னுராஜ்.

“நெலமோ? சம்சாரிக்கான் எந்தினா நெலம்?” மேனோன் தம் வாயைத் தொட்டுக் காட்டினார். “சம்சாரம்… பேச்சு! இவன்றெ தெருவே சம்சாரித் தெரு என்னு இவனே பறஞ்ஞு.”

பொன்னுராஜ் தாம் விற்ற சாக்கு மூட்டையின்மேலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஐயோ, தெரு முழுக்கப் பேச்சுக்காரன்னு இவனே ஒத்துக்கிட்டானா?”

“ராத்திரியிலும் உண்டென்னு பறஞ்ஞு,” என்றார் மேனோன்.

அடியார்கள் பிறவிச் சுழலுக்கு இட்ட பெயர் சம்சாரம். எங்கள் பள்ளத்தாக்கில் அது ஏரும் குடித்தனமும் ஆயிற்று. மலையைத் தாண்டியதும் வெறும் பேச்சாகிவிட்டது. அந்த ஒரு சொல்லிடத்தில் மட்டும் ராக்கையா ஐயம் கொள்ளவில்லை.

மேனோன் மேசை இழுப்பறையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். “வேண்டியவன்மாரெக்கூட நம்பாத்தவன். பின்னே கச்சவடக்காரனெ, இந்த வியாபாரிகளெ, நம்புமோ? தாக்கோல் இவன்றெ கையில் இரிக்கட்டே.”

ராக்கையா உடனே கை நீட்டவில்லை. “எனக்கு எதுக்குங்க தாறீக?” என்று கேட்டார். மேனோன் சிரித்ததற்கும் அவருக்குக் காரணம் விளங்கவில்லை. சாவியை வாங்கியதும் பூட்டைத் தாமே பூட்டி இழுத்துப் பார்த்தார்.

ஆவணியில் வந்த கங்காணியை ராமுத்தாய் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அன்று மாலை நல்லதாக ஒரு வாழைத்தாரைத் தேர்ந்து கணவர் தோளில் ஏற்றினாள். “அண்ணாச்சிகிட்டப் போயி, தெரியாமப் பேசிட்டேன்னு சொல்லுங்க.”

சங்கரலிங்கத்தின் உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. ராக்கையா தாரை இறக்கி வைத்துவிட்டு, சொல்ல வேண்டியதைத் தேடிக்கொண்டு நின்றார். சங்கரலிங்கம் அவரை இருக்கச் சொல்லவில்லை. தாரைத் தூக்கிக்கொண்டு போகவும் சொல்லவில்லை. அதைத் தூக்கி, விற்பனைக்குத் தொங்கிய மற்றத் தார்களோடு கொக்கியில் மாட்டினார். பெட்டியைத் திறந்து, அன்றைய விலையை எடுத்துப் பலகைமேல் வைத்தார்.

“அடுத்தாப்ல யாரு?” என்று ராக்கையாவுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்துக் கேட்டார்.

வீட்டு வாசலில் ராமுத்தாய் காத்திருந்தாள்.

“வாங்கிக்கிட்டாகளா?”

“வாங்கிக்கிட்டாக.”

“அப்பாடா. அப்ப அவுக மனசு ஆறிப்போச்சு.”

ராக்கையா பதில் சொல்லவில்லை. அவர் எப்போதும் பேசாதவர் ஆகையால், ராமுத்தாய்க்கு அதில் ஐயம் எழவில்லை.