தம்பிக்கு எழுதிக்கொடுத்த காடு

சாலையை அகலப்படுத்த, சோளக்காட்டில் இருந்த கண்ணாயி அத்தையின் வீட்டை அரசு எடுத்துக்கொண்டது. நிர்ணயித்த விலை மிகக் குறைவு என்று அத்தை வழக்குப் போட்டார். பட்டதாரி என்பதால் நானும் துணைக்குப் போனேன்.

பக்கத்தில் உள்ள விளைநிலமான காடு அதே விலைக்குத்தான் விற்றது என்று அரசு வக்கீல் ஒரு பத்திரத்தைக் காட்டினார். விற்றவர் அத்தை, வாங்கியவர் என் அப்பா.

“அது எந்தம்பிங்க சாமி. பொறந்தவங்கிட்ட யாராச்சும் விலை பேசுவாங்களா? பேருக்கு ஒரு தொகை போட்டோமுங்க,” என்றார் அத்தை.

“அதை அவரே வந்து சாட்சி சொல்லட்டும்,” என்றார் நீதிபதி.

அத்தை தலையாட்டினார். ஆனால் பஸ் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்கப்பங்கிட்டச் சொல்லீராத கண்ணு. தன்னாலதான் ஊட்டுக்கு வெல கொறஞ்சுதுன்னு, காட்டைத் திருப்பித் தாரேன்னு நிப்பான்.”

“சொல்லலீன்னா ஊட்டுப் பணம் போயிருமே அத்தை.”

“போவட்டும்,” என்றார்.