அப்பாவின் கையில் கொடுத்த விதை

பேச்சாளரே, என் அப்பாவின் கைராசியைக் கெடுத்தவர் நீர்தான். மழையைச் சொல்லித் தப்பிக்க வேண்டாம்.

கழுகுமலைக்குப் போகும் வழியில் எங்கள் ஊர். விதைப்பு தொடங்கும் நாளில் முதல் பிடி விதையை அப்பாதான் போட வேண்டும். அவர் கை பட்டால் விளையும் என்று ஊர் நம்பியது. விடிந்ததும் வீட்டு வாசலில் வந்து கூப்பிடுவார்கள். அப்பா குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, ஒவ்வொரு புஞ்சையாகப் போவார். விதைப்பெட்டியோடு நான் பின்னால் போவேன். கருங்கண்ணிப் பருத்தி, அதற்கு ஊடே கம்பும் உளுந்தும். பருத்தி ஏமாற்றினால் கம்பு கஞ்சி ஊற்றும். வானம் பார்த்த கரிசலில் அப்படித்தான் பிழைத்தோம்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு புரட்டாசி. விதை வியாபாரி ஒருவருக்காகப் பேச நீர் வந்தீர். ஊர் கூடும் மந்தைத் திடலில் மைக் கட்டினார்கள். அதற்கு முன்பே டீக்கடையில் உட்கார்ந்து, இந்த ஊரில் யார் சொன்னால் கேட்பார்கள் என்று விசாரித்திருக்கிறீர். எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது.

முதலில் உம்முடைய அம்மாவைப் பற்றிச் சொன்னீர். பஞ்சத்தில் கஞ்சியில்லாமல் செத்தாள் என்று சொல்லும்போது உம் குரல் உடைந்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நானும் அழுதேன். பிறகு கேள்வியாகக் கேட்டீர். பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட வேண்டாமா என்றால் வேணும் என்றோம். கடன் தீர வேண்டாமா என்றால் வேணும் என்றோம். புது விதை வேண்டாமா என்று கேட்டபோதும் வாய் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டது. எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் எல்லாரும் வாங்கியாயிற்று, நீங்கள்தான் பாக்கி என்றீர். கம்பு கலக்கக் கூடாது, பருத்தி மட்டும்தான் என்றீர்.

மளிகைக் கடை பாய் ஒருவர்தான் எழுந்து நின்றார். “மழ பெய்யலன்னா இது தாங்குமா?” என்று கேட்டார்.

நீர் அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னீர்: “பாய்க்கு நம்ம வயித்தப் பத்திக் கவலயில்ல. அவரு யாவாரத்தப் பத்திக் கவல.”

கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். கம்பு விளையாவிட்டால் ஊரே பாய் கடைக்குத்தான் தானியம் வாங்கப் போக வேண்டும், அவருக்கு அதில் லாபம்தான். சிரித்துக்கொண்டிருந்த எவருக்கும் அது தோன்றவில்லை. பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டது அப்படியே நின்றது.

அப்புறம் அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டு விதைப்பையை நீட்டினீர்.

“ஊருக்கே ராசியான கை. அண்ணாச்சி வாங்கட்டும், அதுக்கு மேல நான் பேசல.”

அத்தனை பேருக்கு முன்னால் கையை எப்படி மடக்குவார்? வாங்கினார். எல்லாரும் வரிசையில் வந்து வாங்கினார்கள்.

ஒரே ஒரு மழை. முளைத்தது முழங்கால் உயரம் வரவில்லை, கருகியது. கருங்கண்ணியாக இருந்தால் கொஞ்சமாவது நின்றிருக்கும். நடுவே கம்பும் இல்லை. தை மாதம் பாதி ஊர் கோவில்பட்டிக்குக் கூலி வேலைக்குப் போனது.

அடுத்த புரட்டாசியில் அப்பா குளித்து, வெளுத்த வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. தெருவில் ஏர் போகும் சத்தம் கேட்டது. எவரும் கூப்பிடவில்லை. அம்மா உம்மைத் திட்டத் தொடங்கினாள். அப்பா தடுத்தார்.

“பேசுனது அவிய. வாங்குனது என் கைதான?”

எங்கள் புஞ்சையில்கூட அவர் அதற்குப் பிறகு விதை போடவில்லை. “நீயே போடும்மா” என்று பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டார். கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டே நடப்பார். நான்கு வருஷத்தில் இறந்துபோனார்.

அவர் இறந்த பிறகு எட்டயபுரத்தில் உம் பேச்சை மறுபடி கேட்டேன். இந்த முறை கஞ்சியில்லாமல் செத்தது உம்முடைய தங்கச்சி. குரல் அதே இடத்தில் உடைந்தது. என்னைச் சுற்றிப் பெண்கள் அழுதார்கள். எழுந்து கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாயைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

இப்போது கேட்கிறேன். எங்கள் மந்தைக்கு வாரும். மைக் வேண்டாம், உம் அம்மாவும் வேண்டாம். அன்றைக்கு வாங்கியவர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று பாய் கேட்டதற்குப் பதில் சொல்லும். கெட்டது அப்பாவின் கையா, உம்முடைய பேச்சா என்று உம் வாயாலேயே சொல்லும்.