புதுக்கோட்டை கோர்ட்டுக்கு ஒரு கிரேக்கக் கதையோடு

காலை ஏழு இருபதுக்குப் பொன்னமராவதியில் பஸ் ஏறினோம். புதுக்கோட்டை ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். உடன் வந்தவர் மாணிக்கம் சார். நான் அறிவியல் நடத்திய பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். ஆண்டு விழா நாடகங்களை அவர்தான் எழுதுவார். இப்போது எழுபத்தெட்டு வயது. தந்தைக்கு நினைவு தவறிவிட்டது, அவரையும் நிலத்தையும் கவனிக்கும் பொறுப்பைத் தனக்குத் தர வேண்டும் என்று ஒரே மகன் செல்வம் மனுப் போட்டிருந்தான். அது பொய்யென்று சாட்சி சொல்லப் போனேன். செல்வம் காரில் அழைத்தபோது, “அந்த ஆளோட கார்ல வரமாட்டேன்” என்று சார் சொன்னதைக் கோபம் என்றே நினைத்தேன்.

குழிபிறை தாண்டியதும் அவர் தமக்குப் பிடித்த கதையைத் தொடங்கினார். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் வாழ்ந்த நாடகாசிரியர் ஒருவரின் கதை.

“தொண்ணூறு வயசு வரைக்கும் எழுதுனாரு சார். எல்லாம் துயரமான நாடகம். தன்னைத் தெரிஞ்சுக்காததுதான் மனுசனுக்குப் பெரிய கேடுன்னு சொன்னவரு. பெத்த புள்ளைகளே, கெழவனுக்குப் புத்தி கலங்கிருச்சுன்னு வழக்குப் போட்டாங்க. அவரு வாதாடல. அப்ப எழுதிக்கிட்டிருந்த நாடகத்தை வாசிச்சாரு. இதை எழுதுனவன் புத்தி கெட்டவனான்னு கேட்டாரு. அம்புட்டுதான், வழக்கு தள்ளுபடி.”

முன் சீட்டில் இருந்த பூக்காரப் பெண் திரும்பி, “அந்தப் புள்ளைக நல்லா இருக்குமா?” என்றார்.

பதினொன்றே முக்காலுக்கு வழக்கு எடுத்தார்கள். சார் எழுந்து, தம் பழைய நாடகத்திலிருந்து ஒரு காட்சியைச் சொன்னார். கண்மாய் உடைந்த ஊரில் ஒரு தாய் பிள்ளைகளைத் தேடும் காட்சி. ஒரு சொல் பிசகவில்லை. டைப் அடித்தவரின் கை நின்றுவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

நீதிபதி அம்மா மெதுவாகக் கேட்டார். “அருமைங்கய்யா. அங்க நிக்கிறாரே, அவர் யாருங்க?”

சார் செல்வத்தை நெடுநேரம் பார்த்தார். “வக்கீல் தம்பிங்களா? நான் முன்னப் பின்னப் பாத்ததில்லைங்கம்மா.”

செல்வம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். “எனக்குத் தெரியலைங்கம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூண்டை விட்டு இறங்கினேன்.

வராந்தாவில் செல்வம் சொன்னான். “துபாய் வேலைய விட்டுட்டு வந்து எட்டு மாசம் ஆச்சு மாமா. தெனமும் காலைல, யாரு நீ, என் வீட்டுல ஒனக்கென்ன வேலைன்னு கேக்குறாரு. யாரு பேப்பரை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுருவாரு. ஊர்ல யாரும் நம்பல. நீங்களும் நம்பல.”

மாதம் ஒருமுறை சாரைப் பார்ப்பேன், நாடகம்தான் பேசுவோம். அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அந்தக் கிரேக்கப் பிள்ளைகள் வீட்டுக்குள் எதைப் பார்த்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார்களோ. கதையை இத்தனை தடவை கேட்டும் எனக்கு அது தோன்றியதில்லை.

இரண்டு மணிக்குச் செல்வம் சாருடைய முழங்கையைப் பிடித்து நடத்திப் போய்க் காரில் உட்கார வைத்தான். இப்போது அவர் மறுக்கவில்லை. கண்ணாடியை இறக்கி என்னை அழைத்தார்.

“தங்கமான தம்பி சார். யாரு பெத்த புள்ளையோ.”

செல்வம் குனிந்து அவருக்கு சீட் பெல்ட் மாட்டினான். பின் சீட்டு காலியாகத்தான் இருந்தது. நான் பஸ்ஸில் வருவதாகச் சொன்னேன்.