தம்பி ஏறினால் நிற்கும் கார்

தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லரக்கா. ஐம்பது வயதுக்கு மேல் ஓட்டுநர் பயிற்சிக்குப் போய், கியரோடு மல்லுக்கட்டி, முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை லைசென்ஸ் வாங்கினாள். பிறகு ஒரு பழைய காரையும் வாங்கினாள். எல்லாம் தம்பிக்காக.

தம்பி ஒரு தொழிற்சாலை கேன்டீனில் மாஸ்டராக இருந்தவன். முந்நூறு பேருக்குச் சமைத்த கை. ஆள் வாட்டசாட்டம், உள்ளே அவன் சிரித்தால் வெளியே தட்டோடு வரிசையில் நிற்பவர்களும் காரணம் தெரியாமல் சிரிப்பார்கள். ஒன்றரை வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு திரும்பியது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையாக, மூச்சு வாங்கிக்கொண்டு. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத இரண்டு பேர்தான் வீட்டில். முன்னறையில் அவள் மெஷின், பின்னறையில் அவன் கட்டில். யாராவது துணி கொடுக்க வந்தால் இவன் கதவைச் சாத்திக்கொள்வான்.

காருக்கு மட்டும் மறுப்புச் சொல்லவில்லை. பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தால் யார் கண்ணிலும் படாமல் ஊரைப் பார்க்கலாம். சாயங்காலமானால் ஏரிக்கரை ரோட்டில் ஒரு சுற்று.

மூன்றாவது வாரம் கார் வேலையைக் காட்டியது. வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கியதும் பெட்ரோல் முள் தொப்பென்று விழுந்தது, இன்ஜின் அணைந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தார்கள். யாரோ இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தம்பியை இறக்கி ஓரமாக உட்கார வைத்தார்கள். அவள் சாவியைத் திருப்பினாள். கார் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடியது. மறுவாரமும் இதே கூத்து. அதற்கடுத்த வாரமும்.

கார் வாங்கிய ஷோரூமுக்குப் பின்னாலேயே அவர்கள் சர்வீஸ் கூடம் இருந்தது. இரண்டு தடவை கொண்டுபோனாள். டை கட்டிய பையன் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான், ஓட்டியும் பார்த்தான். "ஒரு கோளாறும் காட்டலையேக்கா. நீங்க கிளட்சைச் சரியா விட்டீங்களா?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "லைசென்ஸ் வாங்கித்தான் ஓட்டறேன்ப்பா."

மூன்றாவது தடவை அவள் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து எலெக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் எப்போதும் கரண்ட் பார்க்கும் மீட்டரைத் தொங்கவிட்டிருப்பதால் அங்கே எல்லோருக்கும் அவள் 'மீட்டர்'.

"நின்னப்பல்லாம் வண்டியில யார் யார்க்கா இருந்தீங்க?"

"நானும் தம்பியும்."

"நீங்க தனியாப் போறப்ப என்னிக்காவது நின்னிருக்கா?"

டெய்லரக்கா இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். நின்றதே இல்லை. அவளுக்கும் அது தெரியும். வாய்விட்டுச் சொன்னால் தம்பி மேல் பழி போட்ட மாதிரி ஆகிவிடுமே என்று மனசுக்குள்ளேயே அமுக்கி வைத்திருந்தாள்.

"அப்ப அவரையும் கூட்டிட்டு வாங்க" என்றாள் மீட்டர்.

வீட்டில் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். "எனக்கு... தெரியும்க்கா. நான் ஏறினா... நிக்குது. இறங்கினா... ஓடுது. நீ மட்டும்... போய்ட்டு வா. என் ராசி."

ராசி என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். எத்தனை நாளாக இதை உள்ளே வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தானோ.

"டேய், ஒரு சட்டை எங்க பிடிக்குதுன்னு ஹேங்கர்ல மாட்டிப் பார்த்தா தெரியுமா? போட்டுக்கிற ஆளு வந்து நிக்கணும். எழுந்திரு."

சர்வீஸ் கூடத்தில் ஆறேழு பேர் வேலையாக இருந்தார்கள். தம்பி அக்காவின் தோளைப் பிடித்துத் தலைகுனிந்தபடியே வந்து, அங்கே விட்டிருந்த காரின் பின் சீட்டில் ஏறினான். மீட்டர் இன்ஜினை ஓடவிட்டு, அவன் காலடியில் மண்டியிட்டுச் சீட்டுக்கடியில் டார்ச் அடித்தாள்.

"அண்ணே, கொஞ்சம் இடது பக்கம் சாய்ங்க. பயப்படாதீங்க, நல்லா வெயிட்டைப் போடுங்க. இன்னும்..."

இன்ஜின் பொசுக்கென்று அடங்கியது.

"அப்படியே இருங்கண்ணே, அசையாதீங்க!" என்று கத்தினாள் மீட்டர். பக்கத்து வண்டிக்காரர்கள்கூட ஓடி வந்தார்கள். தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அவனை இறக்கிச் சீட்டைக் கழற்றினார்கள். கீழே சீட்டுச் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு ஒயர் மாட்டி, தோல் உரிந்து நசுங்கிக் கிடந்தது. டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்புக்கும் பெட்ரோல் முள்ளுக்கும் அதில்தான் கரண்ட் போகிறதாம். மீட்டர் அந்தத் துண்டை வெட்டியெடுத்து, அக்காவிடம் காட்டாமல் நேராகத் தம்பியிடம் கொண்டுபோனாள்.

"விக்கறதுக்கு முன்னாடி எங்காளுங்க சீட்டைக் கழட்டிச் சுத்தம் பண்ணியிருக்காங்க. திருப்பி மாட்டறப்ப ஒயரைக் கவனிக்கலை. உங்க எடைக்கு யார் உக்காந்தாலும் நின்னிருக்கும்ண்ணே. தப்பு முழுசா எங்களோடது."

அவன் அதை இடது கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது... மட்டும்தானா?"

"இது மட்டும்தான்."

ஒயரை மேலே தூக்கி டை கட்டிய பையனுக்குக் காட்டினான். பிறகு, "அப்ப... நான் வரலைன்னா... உங்க கம்ப்யூட்டரு... அம்பேல்" என்றான். சுற்றி நின்றவர்களிடம் சிரிப்பு கிளம்பியது. டை கட்டிய பையனும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

புது ஒயர் போட ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அவள் ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பார்த்தால், காத்திருக்கும் அறையில் தம்பி முன்பின் தெரியாத ஒருவரிடம் கார் நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வார்த்தையாகத்தான். அந்த மனுஷர் டீயை ஆறவிட்டுவிட்டு, அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார். அவள் உள்ளே போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.

அதற்குப் பிறகு கார் எங்கும் நிற்கவில்லை. அடுத்த சனிக்கிழமை காலையில் அவனே கேட்டான்.

"அக்கா... முடி வெட்ட... சலூனுக்குப் போலாமா?"

ஒன்றரை வருஷமாக அவன் முடியை அவள்தான் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன், நான் வெட்டறது நல்லால்லையா?"

"நல்லாவே... இல்ல."

அவள் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டுச் சாவியைத் தேடப் போனாள்.