அரை மணி நேரத் தூரம்

அந்தச் சின்ன விமான நிலையத்தில் அவளுக்குத் தராசக்கா என்று பெயர். பத்தொன்பது பேர் ஏறும் குட்டி விமானம். மலையைத் தாண்ட வேண்டும் என்பதால் பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் நிறுத்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். நிறுக்கிறவள் அவள். அவளிடம் கெஞ்சுவதும் ஒன்றுதான், சுவரிடம் கெஞ்சுவதும் ஒன்றுதான்.

மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து மகளுக்கு வரன் வந்தபோது, "அரை மணி நேரம்தானே, நினைச்சா வந்துடுவேன்" என்று தலையாட்டியவளும் அவள்தான். விமானத்துக்குத்தான் அது அரை மணி நேரம். பஸ்ஸுக்கு மலையைச் சுற்றிக்கொண்டு ஒரு பகல் முழுக்க. ஊழியருக்கு விமானத்தில் இலவச இருக்கை உண்டு, ஆனால் மிச்சமிருந்தால்தான். அவள் கிளம்பி நின்ற நாளெல்லாம் கடைசி நிமிஷத்தில் எவராவது டிக்கெட்டோடு ஓடி வந்து தொலைவார்கள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் மகள் வீட்டு வாசலை அவள் மிதித்ததில்லை. தினமும் அந்த ஊருக்கு ஊரையே ஏற்றி அனுப்பிவிட்டு, மனசு வெந்து வீட்டுக்குப் போவாள்.

அன்று காலை மருமகன் போன் செய்தார். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் திடீரென்று ரத்த அழுத்தம் ஏறிவிட்டதால் மதியமே ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மகள் போனை வாங்கினாள். எதற்கும் அசராத பெண், அன்று குரல் நடுங்கியது.

"அம்மா, உன்னைப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்."

நல்லவேளையாக ஓர் இருக்கை காலி. எடைதான் இடித்தது. பையோடு தராசில் ஏறினாள். டிக்கெட் கொடுப்பவர் எண்ணைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். கொஞ்சம்தான் கூட இருக்கிறது, குறைத்து எழுதிவிடுகிறேன், ஏறுங்கள் என்றார். ஒரு நொடி அவளுக்கும் சபலம் தட்டியது.

"நீங்க குறைச்சு எழுதினா மலை குனிஞ்சு வழி விடுமா?" என்று கேட்டுவிட்டு இறங்கினாள்.

பையில் இருந்ததெல்லாம் அவள் கண் வலிக்கத் தைத்த குட்டிச் சட்டைகளும், துவைத்து மடித்த மெத்தென்ற துணிகளும். பையைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். இன்னும் கூட இருந்தது. தண்ணீர் பாட்டில் போனது, குடை போனது, கைப்பை போனது, செருப்பும் போனது. உடுத்திய சேலையும் கையில் போனும்தான் மிச்சம். ஒருவழியாக எண் சரியாக நின்றது. இதற்கு மேல் கழற்றித் தர தன்னிடம் ஒன்றுமில்லை என்று அவள் சொல்ல, அவர் கையெடுத்துக் கும்பிட்டு விமானத்தைக் காட்டினார்.

பயணிகளிடம் இத்தனை வருஷமாக, கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடலாம் என்று அளந்துகொண்டிருந்தவள் அவள். இப்போது கண்ணை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடித் திறந்தாள். ஜன்னலில் அதே மலை. விமானம் குலுங்கியபோதெல்லாம் பயந்தது மலைக்கில்லை, கடிகாரத்துக்கு.

ஆஸ்பத்திரிக்குள் வெறுங்காலோடு ஓடினாள். ஆபரேஷன் அறை வாசலில் மகளைப் படுக்க வைத்த வண்டி நின்றிருந்தது. கதவின் விளிம்பை மகள் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் எவ்வளவு சொல்லியும் விடவில்லை போலிருக்கிறது.

"தாமதமாயிடுச்சுடி" என்றாள் அம்மா.

மகள் கதவை விட்டுவிட்டு அம்மாவின் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு நர்ஸைப் பார்த்தாள்.

"இப்பக் கூட்டிட்டுப் போங்க சிஸ்டர். எங்கம்மா வந்துட்டாங்க."